கருமணல் சொல்லும் கதை

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் கட்டாயம் ஒரு மணல் பொட்டலம் இருக்கும். சங்கு, பாசிமாலையோடு சேர்த்துக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நாலைந்து நிறத்தில் விற்பார்கள். குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோனது, விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாக மாறிப்போயின என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை.

கதை இருக்கட்டும். அந்தப் பொட்டலத்தை நம் நிலவியல் துறை லேபுக்குக் கொண்டுவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும்? கறுப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட். தேன் மஞ்சள் மோனசைட். பழுப்புச் சிவப்பு ரூட்டைல். கண்ணாடித் துகள் போல நிறமற்று மின்னுவது சிர்கான். பொரித்த அரிசி போல வெளுத்துக் கிடப்பது மட்டும்தான் சாதாரண மணலான குவார்ட்ஸ். உலக நாடுகள் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தேடி வந்த பொருள்கள் அத்தனையும் ஒரு சின்னப் பொட்டலத்தில் அடங்கியிருக்கின்றன என்றால் மிகையாகாது.

இந்த மணலை யார் கண்டுபிடித்தார்கள், எதற்காகத் தேடினார்கள், எப்படித் தேடினார்கள் என்பதை நம் பழைய நண்பர்களுக்கு நினைவூட்டவும், இன்றைய மாணவச் செல்வங்களுக்கு எடுத்துச் சொல்லவும் இந்த மலர் ஒரு நல்ல வாய்ப்பு.

விளக்குக்காகத் தேடிய மணல்

பெட்ரோமாக்ஸ் விளக்கை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை, பொதுக்கூட்டம், இரவு நாடகம் எல்லாவற்றுக்கும் அந்த வெளிச்சம்தான். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் தொட்டதும் உடைந்துபோகுமே, அந்த மேண்டில்தான் நம் கதையின் தொடக்கம்.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா நாட்டு வேதியியல் அறிஞர் கார்ல் ஆவுவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885இல் காப்புரிமை பெற்றார். பல உப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்து 1891 வாக்கில் சரியான கலவையைப் பிடித்தார்: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. நூல் வலையை இந்த உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் நூல் போய்விடும், ஆக்சைடு கூடு மட்டும் நிற்கும். அது சூடானதும் பளீரென்று வெள்ளை ஒளி தரும். ஐரோப்பிய நகரங்களின் கேஸ் விளக்குகளுக்கு இது மறுவாழ்வு கொடுத்தது.

ஆனால் தோரியத்துக்கு எங்கே போவது? மோனசைட் என்ற கனிமத்தில் அது உண்டு. 1890களில் பிரேசில் நாட்டுக் கடற்கரையில் மோனசைட் மணலை அள்ளிக் கப்பலேற்றினார்கள். அந்த மணலும் அதிலிருந்து செய்யும் தோரியம் நைட்ரேட்டும் பெரும்பாலும் ஜெர்மன் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. விலையை அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஆகவே வேறு எங்காவது மோனசைட் கிடைக்குமா என்று பலரும் வலைவீசித் தேடினார்கள்.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

1909ஆம் ஆண்டு. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மஞ்சள் துகள்கள். சோதித்தால் மோனசைட்! கயிறு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடிப் புறப்பட்டவர், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே உள்ள மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார்.

நம்ம ஊர்க் கயிறு எத்தனை கப்பலில் போயிருக்கும், எத்தனை பேர் அந்த மணலைத் தட்டிவிட்டுக் கையைத் துடைத்திருப்பார்கள்! ஒருவர் மட்டும் அதைத் தாளில் கொட்டிப் பார்த்தார். விஞ்ஞான மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

இந்த மணல் பிரேசில் மணலைவிட உயர்ந்தது என்பதும் தெரிய வந்தது. பிரேசில் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 6 சதவீதம் என்றால், நம் கரை மோனசைட்டில் 8 முதல் 10 சதவீதம். 1910இல் மணவாளக்குறிச்சியில் பிரிப்பு ஆலை எழுந்தது. பின்னர் கொல்லத்துக்கு வடக்கே சவறாவிலும் ஒன்று. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பர்க் ஜெர்மன் உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். ஆலைகள் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போயின. அதே 1914இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டிப்பர், திருவிதாங்கூர் மோனசைட் மணலைப் பற்றித் துறையின் ஏட்டில் கட்டுரை எழுதினார்.

திருவிதாங்கூர் அரசுக்கும் தனியாக நிலவியலார் இருந்தார். அந்தப் பதவியில் இருந்த ஐ.சி. சாக்கோ பாறைகளை ஆராய்ந்தவர் மட்டுமல்ல. பாணினி இலக்கணத்தைப் பற்றி மலையாளத்தில் நூல் எழுதி 1956இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றவர். சயின்ஸ் படித்தால் இலக்கியம் வராது என்று சொல்பவர்களுக்கு இவர் பெயரைச் சொல்லலாம்.

கடல் புடைக்கும் சுளகு

"கடற்கரை எல்லா ஊரிலும் இருக்கிறதே, இந்த மணல் மட்டும் ஏன் இங்கே?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

தாய் வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. அங்குள்ள சார்னோகைட், கோண்டலைட், நைஸ் போன்ற மிகப் பழைய பாறைகளில் இந்தக் கனிமங்கள் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கின்றன. வெயிலும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையை உளுக்க வைக்கின்றன. வள்ளியாறு, குழித்துறைத் தாமிரபரணி போன்ற சின்ன ஆறுகள் அதை அரித்துக் கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன. மலைக்கும் கடலுக்கும் தூரம் குறைவு என்பதால் வழியில் அதிகம் தங்குவதில்லை.

அதற்குப் பிறகு கடலின் வேலை. நம் வீட்டுப் பெண்கள் சுளகில் புடைப்பதைப் பார்த்திருக்கிறோம். உமி பறந்துபோகும், மணி தங்கும். தென்மேற்குப் பருவக் காற்றில் எழும் அலைகள் செய்வதும் அதுதான். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட் சுமார் 4.7, சிர்கான் 4.6, மோனசைட் ஏறத்தாழ 5. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கிவரும். வடியும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும். கனத்தது கரையிலே தங்கிவிடும். மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் கரையில் பட்டை பட்டையாகக் கருமணல். அள்ளிய இடத்திலேயே அடுத்த பருவத்தில் மறுபடி கொஞ்சம் சேரும்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம்.

கறுப்பிலிருந்து வெள்ளை

முதல் போருக்குப் பிறகு மின்சார விளக்கு பரவியது. மேண்டில் வியாபாரம் படுத்தது. மோனசைட்டுக்காக மட்டும் மணலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திண்டாடினார்கள். அதுவரை கழிவு என்று ஒதுக்கிக் குவித்த கறுப்பு இல்மனைட்தான் அவர்களைக் காப்பாற்றியது.

இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்திருக்கின்றன. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டையாக்சைடு பாலைப் போன்ற வெள்ளை. அதுவரை பெயின்டில் சேர்த்த ஈய வெள்ளை விஷம். இதில் அந்த விஷம் இல்லை, மூடும் திறனும் அதிகம். 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழில் முறையில் உற்பத்தி தொடங்கியது. 1922இல் திருவிதாங்கூரிலிருந்து இல்மனைட் ஏற்றுமதி ஆரம்பம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலகத்துக்கு வேண்டிய இல்மனைட்டில் பெரும்பங்கு இந்தக் கரையிலிருந்துதான் போனது. கச்சாப் பொருளாகப் போய்ப் பெயின்டாகத் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கேயே வெள்ளையைச் செய்ய 1946இல்தான் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் கம்பெனி ஏற்பட்டது.

அணுவும் அரசியலும்

1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும் மோனசைட்டின் ஜாதகமே மாறிப்போனது. தோரியத்தை அணு உலையில் வைத்தால் அது யுரேனியம்-233 என்ற எரிபொருளாக மாறும். விளக்குக்கு வேண்டிய பொருள் வல்லரசுகளுக்கு வேண்டிய பொருளாயிற்று.

அப்போது திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசுவாமி அய்யர். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். பிரிட்டனோடு மோனசைட் விற்பனை பற்றி அவர் அரசு பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தனித்து நிற்கலாம் என்ற துணிவுக்கு இந்த மணலும் ஒரு காரணம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜூலை 25ஆம் தேதி அவர் தாக்கப்பட்டார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர இசைந்தது.

1948இல் அணுசக்திச் சட்டம், அணுசக்திக் கமிஷன். 1950 ஆகஸ்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம். 1952இல் ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்தும் தொழிற்சாலை. 1951இல் நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் கோதுமை கேட்டோம். பதிலுக்கு மோனசைட் ஏற்றுமதித் தடையை நீக்க வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சிலர் நிபந்தனை போடப் பார்த்தார்கள். நேரு அதற்கு இணங்கவில்லை. கோதுமை கடனாக வந்தது. மணல் இங்கேயே இருந்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சி நமக்கு வந்தது, சவறா கேரளத்தில் நின்றது. 1965இல் இரண்டு ஆலைகளையும் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஏற்றுக்கொண்டது. 1996இல் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய ஆய்வு உலை, தோரியத்திலிருந்து கிடைத்த யுரேனியம்-233ஐக் கொண்டு இயங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் மேண்டிலில் எரிந்த பொருளின் வழித்தோன்றல் அது.

எப்படித் தேடுகிறார்கள்?

அதிர்ஷ்டத்தால் கிடைத்த கண்டுபிடிப்பு ஒரு முறைதான் நடக்கும். பிறகு முறையாகத் தேட வேண்டும். 1949-50இல் டி.என். வாடியா தலைமையில் அணுக் கனிமங்களைத் தேட ஒரு பிரிவு தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்று அணு கனிம இயக்ககமாக ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. ஒடிசாவின் சத்திரப்பூர், ஆந்திரத்தின் பீமுனிப்பட்டினம், நம் பக்கத்துத் தேரி மணல் மேடுகள் என்று கரை முழுவதும் நடந்து அளந்தார்கள். இந்தியாவில் சுமார் 1 கோடியே 30 லட்சம் டன் மோனசைட் இருப்பதாக அவர்கள் கணக்கு.

முறை எளிது, உழைப்புதான் கடினம். கரைக்குக் குறுக்கே கோடு கோடாகப் பிரித்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் ஆகர் என்ற துளைக் கருவியை இறக்கி, அடி அடியாக மணல் எடுப்பார்கள். எடுத்ததைச் சட்டியில் அலசுவார்கள். அரிசியில் கல் அரிப்பது போலத்தான்: லேசானது தண்ணீரோடு போகும், கனமானது அடியில் நிற்கும். லேபில் புரோமோஃபார்ம் திரவத்தில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், கனக் கனிமங்கள் மூழ்கும். அந்த நெடியை நம் துறையில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்! மோனசைட் கதிரியக்கம் உடையது என்பதால் கதிர் அளக்கும் கருவியைக் கையில் பிடித்து நடந்தாலே எங்கே செறிவு என்று தெரிந்துவிடும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கனிமத்தின் குணமும் உதவுகிறது. காந்தம் இல்மனைட்டை முதலில் இழுக்கும், இன்னும் வலுவான காந்தத்தில் கார்னெட்டும் மோனசைட்டும் வரும், சிர்கான் வராது. ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்கான் கடத்தாது. நாம் பி.எஸ்.ஸி.யில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட அட்டவணைதான் அங்கே ஆலையாக ஓடுகிறது.

கடலுக்கு அடியிலும் மணல்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கடற்கரைகளும் ஆற்று வாய்களும் இன்று நீருக்கு அடியில் கிடக்கின்றன. ஆற்று மணலும் அங்கே புதைந்திருக்கிறது. அதைத் தேட 1983இல் நிலவியல் ஆய்வுத் துறைக்கு 'சமுத்ர மந்தன்' என்ற ஆய்வுக் கப்பல் வந்தது. 2013இல் 'சமுத்ர ரத்னாகர்'. ஒலி அலையை அனுப்பி, கடல் அடியில் எத்தனை அடுக்கு, எவ்வளவு தடிமன் என்று பார்ப்பார்கள். பிறகு அதிரும் குழாயை இறக்கி மாதிரி எடுப்பார்கள்.

கேரளக் கடலில் மட்டும் கட்டுமானத்துக்கு ஏற்ற மணல் சுமார் 74.5 கோடி டன் இருக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆற்று மணல் அருகிப்போன காலத்தில் இது பெரிய செய்தி. உப்பை நன்றாகக் கழுவினால்தான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. 2002இல் வந்த கடல்பகுதிக் கனிமச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் கொல்லம் கடலில் மூன்று மணல் வட்டங்களுக்கு ஏல அறிவிப்பு வந்தது. மீன் வளம் மிகுந்த இடம் அது என்று மீனவர்கள் எதிர்த்தார்கள்.

இரண்டாவது கேள்வி

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். விளக்கு, பெயின்ட், அணு, இப்போது எலெக்ட்ரிக் காரின் மோட்டார்க் காந்தம். மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்கள்தான் அந்தக் காந்தத்துக்கு மூலப்பொருள். 2025 ஏப்ரலில் சீனா சில அருமண்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் உலகம் மறுபடி நம் கரையைத் திரும்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட்ட கேள்வி ஒன்றே: மணல் எங்கே, எவ்வளவு இருக்கிறது? இதற்கு விடை சொல்வதில் நம் விஞ்ஞானிகள் வல்லவர்கள். ஆனால், ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்ற இரண்டாவது கேள்வி அதே அக்கறையோடு கேட்கப்படவில்லை.

வரவு குறைந்திருக்கிறது என்பதற்குக் காரணங்கள் கண் முன்னே உள்ளன. அணைகள் மலை மணலைத் தடுக்கின்றன. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறையிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. தண்ணீர் இல்லாமல் நாஞ்சில் நாடு இல்லை என்பதும் உண்மை. மீன்பிடித் துறைமுகங்களின் அலைத் தடுப்புச் சுவர்கள் கரையோரமாக நகரும் மணலை ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் பட்டினி போடுகின்றன. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடினால் குடும்பம் என்னாகும்? கரையும் அப்படித்தான்.

1998இல் கடற்கரைக் கனிமத் தொழில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. 2013இல் தமிழக அரசு தென் மாவட்டங்களில் தாது மணல் எடுக்கத் தடை போட்டது. 2019இல் இந்தக் கனிமங்களை மத்திய அரசு பொதுத்துறைக்கு மட்டும் ஒதுக்கியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. சவறா அருகே ஆலப்பாட்டில் 2018-19இல் கிராமத்தைக் காப்பாற்றுங்கள் என்று மக்கள் தொடர் போராட்டம் நடத்தினார்கள். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் மீனவ கிராமங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

கதிரியக்கம் பற்றிய பயமும் உண்டு. கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் சொன்னது. ஆனால் கரையோர மக்களின் கவலை அது மட்டும் இல்லை. 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, ஆலப்பாடு எல்லாம் பட்ட பாடு நாம் அறிவோம். மணல் மேடு அவர்களுக்குக் கனிமம் அல்ல, மதில்.

அதற்காகத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மணவாளக்குறிச்சி ஆலையை நம்பி மூன்று தலைமுறை வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. நாட்டுக்கும் இந்தக் கனிமம் வேண்டும். ஆனால் வங்கியில் போட்ட பணத்தில் வட்டியை எடுக்கிறோமா, முதலையே எடுக்கிறோமா என்று தெரிய வேண்டாமா? பருவந்தோறும் கரையின் அகலத்தை அளந்து, ஆற்று வாயில் வரும் மணலைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை ஊர்ச் சபையில் தமிழில் வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இதற்குப் பெரிய கப்பல் வேண்டாம். இரண்டு கம்பு, ஒரு கயிறு, ஒரு மட்டப் பலகை இருந்தால் கரையின் சரிவை அளக்கலாம். நம் கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு நாள் ஒரே இடத்தில் இதைச் செய்து, பத்து ஆண்டு தொடர்ந்து குறித்து வைத்தால், அது எந்த அரசுத் துறையும் மதிக்க வேண்டிய ஆவணமாகிவிடும். பழைய மாணவர் சங்கம் இந்தப் பணிக்கு ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தலாம் என்பது என் பணிவான யோசனை. பொதுக்குழுவில் யாராவது முன்மொழிந்தால் வழிமொழிய நான் தயார்.

கயிற்றில் ஒட்டிய மணலை ஒருவர் கவனித்துப் பார்த்ததால் முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கான விடையை நம் மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

— ஒரு பழைய மாணவர், நிலவியல் துறை